கிணறும் வரைபடமும்: வங்காளதேசக் குடிநீர் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கிராமக் குடிநீரின் வரலாறு பெரும்பாலும் பொறியியலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிணறு எவருடைய வளவில் அமைந்தது என்னும் வினாவுக்கு அதில் இடம் குறைவு. கணினிவழி வரைபடம் இவ்வினாவை ஆய்வின் மையத்துக்குக் கொணர்ந்துள்ளமைக்கு வங்காளதேசம் தக்க சான்றாகும்.

குளத்து நீராற் பரவிய வயிற்றோட்ட நோய்களைத் தடுக்கும் பொருட்டு, 1970களில் அந்நாட்டு அரசாங்கமும் யுனிசெப் நிறுவனமும் ஆழங்குறைந்த குழாய்க் கிணறுகளைப் பரப்பின. வண்டற் படிவுகளிலிருந்து இயற்கையாகவே நீரிற் கரையும் ஆசனிக்கு என்னும் நஞ்சு அன்று சோதிக்கப்படவில்லை. 1993இலேயே அது கண்டறியப்பட்டது. 1998-99இல் 3,534 கிணறுகளில் நடத்தப்பெற்ற ஆய்வில், ஆழங்குறைந்தவற்றுள் 27 சதவீதமானவை லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் என்னும் தேசிய வரம்பை மீறியிருந்தன.

எனினும், நாடளாவிய இவ்வாய்வு, ஒரு குடும்பம் எக்கிணற்று நீரைப் பருகலாம் என்பதைக் கூறவியலாது. 2000ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கா தன் செய்மதிச் சைகைகளில் வேண்டுமென்றே புகுத்தி வந்த பிழையை நீக்கியது. கிணறொன்றின் அமைவிடத்தைக் கைக்கருவியாற் செம்மையாகக் குறித்தல் அதனால் எளிதாயிற்று. டாக்காவுக்குக் கிழக்கேயுள்ள அராய்ஹஜாரில், 25 சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் ஏறத்தாழ 6,000 கிணறுகள் படமாக்கப்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய அரைவாசி வரம்பை மீறியவை. ஆயினும், மக்களிற் பெரும்பாலோருக்கு 100 மீற்றருக்குள் பாதுகாப்பான கிணறொன்று இருந்தது. ஆனால், கிணறுகளிற் பெரும்பாலானவை தனியார் வளவுகளுக்குள் உள்ளவை. நீர் சுமப்போர் பெண்கள். அயலவர் இணங்காவிடின் 100 மீற்றரும் நெடுந்தூரமே.

இதற்குப் பரிகாரமாகவே பொது ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. 2012-13இல் அப்பிரதேசத்தின் 180 சதுர கிலோமீற்றரில் 48,790 கிணறுகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 915 ஆழமானவை. நஞ்சுற்ற கிணறுகளுள் 29 சதவீதமானவற்றுக்கே 100 மீற்றருக்குள் ஆழ்கிணறு இருந்தது. அதே தொகையான ஆழ்கிணறுகளைச் சீராகப் பகிர்ந்திருப்பின், அது 74 சதவீதமாக உயர்ந்திருக்கும் எனக் கணிக்கப்பட்டது. செல்வாக்குடையோர் பொதுக் கிணறுகளைத் தம்பால் ஈர்த்துக்கொண்டமையே இவ்விடைவெளிக்குக் காரணம் என 2016இல் வெளியான அவ்வாய்வு முடிவு செய்தது.

ஆகவே, வரைபடம் நீரின் தன்மையை மட்டுமன்றி, அதிகாரத்தின் பரம்பலையும் காட்டுகின்றது. கிணற்றுக்கு இடந் தெரிபவரும் வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவராகவே இருக்கும்வரை, அது அநீதியைப் பதிவு செய்யுமேயன்றித் திருத்தாது. அது கிராமத்தவர் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும். அடுத்த கிணறு எங்கே என்பதை அவர்கள் அதனை முன்வைத்து வினவுதல் வேண்டும்.