மார்புக்கு அடியில் ஒரு கருவடு

தென்னேரி ஏரிப் பாசனத்தில் களை பறிக்கப் போன என் அம்மாவுக்குப் பத்து நாள் காய்ச்சல். மூன்று முறை ஊசி போட்டும் இறங்கவில்லை. போட்டவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். சேலைக்குள் பார்க்க அவருக்கும் கூச்சம், அம்மாவுக்கும் கூச்சம். கடைசியில் வேறிடத்தில் ஒரு நர்ஸ் அக்காதான் திரையை இழுத்துவிட்டு ரவிக்கையைத் தளர்த்தச் சொன்னார். மார்புக்கு அடியில், பீடி நெருப்பு சுட்டதுபோல் கறுத்த பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாள் அம்மா கஞ்சி கேட்டாள்.

அந்த ஆண்டுதான் எலென் ஸ்பாரோவைப் பற்றிப் படித்தேன். 1891இல் கீவுக்குத் தெற்கே போகுஸ்லாவில் பிறந்தவர். 1915இல் மருத்துவப் பட்டம். போர்க்கால டைபஸை நேரில் கண்டவர். பிறகு வார்சாவில் ஆய்வு, 1933 முதல் துனிஸின் பாஸ்டர் நிறுவனம். டைபஸைப் பரப்புவது சீலைப்பேன் என்று 1909இல் காட்டி, 1928இல் நோபல் பெற்ற சார்ல் நிகோல் அங்கேதான் இருந்தார். நிகோலைப் பாடநூலில் படிக்கிறோம். தடுப்பூசிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த ஸ்பாரோவை எத்தனை மருத்துவ மாணவிகள் கேள்விப்பட்டிருப்பார்கள்?

எங்கள் ஊர்க் காய்ச்சல் அவர் எதிர்த்த டைபஸ் அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவு. பேன் அல்ல, புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. துணி இறுகும் மடிப்புகள் அதற்குப் பிடிக்கும். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நோயாளிகளின் வடுக்களைக் கணக்கெடுத்தபோது, ஆண்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும், பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம் இருந்தன. உடம்பை முழுதாகப் பார்க்காத வைத்தியம் எதைத் தவறவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரில் அசாம்–பர்மா எல்லையில் நேசப்படையினர் இதே காய்ச்சலில் விழுந்தபோது ஆராய்ச்சி முடுக்கிவிடப்பட்டது. போர் முடிந்ததும் உண்ணி எங்கும் போய்விடவில்லை, கவனிப்புதான் போய்விட்டது. களை பறிப்பவள் சிப்பாய் இல்லையே.

வீடு வீடாகப் போய்க் கேட்க 2020 ஆக வேண்டியிருந்தது. சிஎம்சியின் கேரல் தேவமணியும் குழுவினரும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை தொற்று; பலருக்கு வந்ததே தெரியவில்லை.

அம்மா இன்னும் களைக்குப் போகிறாள். வேலை முடிந்ததும் பம்புசெட்டில் குளிக்கிறார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்க்கும்போது, "கொஞ்சம் கையைத் தூக்குடி, பார்க்கிறேன்" என்கிறாளாம்.