சாவி யார் கையில்?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர். ஆந்திர எல்லையை ஒட்டிய சோதனைச் சாவடி இங்கேதான் இருக்கிறது. கஞ்சா கடத்துகிறார்களா என்று பேருந்துகளையும் லாரிகளையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். போதையை அரசு முதலில் குற்றமாகவே பார்க்கிறது. நோயாகப் பார்ப்பது பிறகுதான். இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவே பெண்கள் எங்கே நிற்கிறார்கள்?

சிகிச்சைக்குள் காவலை வைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவின் லெக்சிங்டனில் 1935-இல் திறந்த அரசு மருத்துவமனையில், தண்டனைக் கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒரே கம்பிகளுக்குள் இருந்தார்கள். அங்கே பணியாற்றிய மேரி நிஸ்வாண்டர், போதைக்கு அடிமையானவரை நோயாளியாக நடத்த வேண்டும் என்று 1956-இல் புத்தகம் எழுதினார். 1960களில் வின்சென்ட் டோலுடன் சேர்ந்து, ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் தரும் சிகிச்சையைக் கொண்டுவந்தார். அந்த மருந்தையும் விரைவில் விதிகள் சூழ்ந்தன: தினமும் வரவேண்டும், ஊழியர் கண்முன் விழுங்கவேண்டும், சிறுநீர்ச் சோதனைக்கு உட்படவேண்டும்.

சென்னையில், 1979-இல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை அறக்கட்டளையைத் தொடங்கினார். குடி ஒழுக்கக்கேடல்ல, நோய் என்பது அதன் அடிப்படை. மனைவிக்கும் தனியாக ஆலோசனை தந்தார்கள். அடியும் கடனுமாக வந்தவளும் சிகிச்சைக்கு உரியவள் என்று ஏற்றது பெரிய திருப்பம்.

சட்டம் இரண்டு பக்கமும் சாய்ந்தது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் 1989-இல் 64-ஏ பிரிவு சேர்ந்தது. போதைப்பொருள் பயன்படுத்தியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விட்டதைத் திரும்பத் தொடங்குவது இந்நோயின் இயல்பு; அந்த இயல்புக்கே தண்டனை காத்திருக்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது.

மருத்துவமனைச் சங்கிலியைத் தடுத்த சட்டம் வீட்டுக்குள் எட்டவில்லை. டைசல்ஃபிரம் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இதை உட்கொண்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரும், உயிரும் போகலாம். அதனால் நோயாளிக்குத் தெரிந்தே, அவர் சம்மதத்துடனே தரவேண்டும். மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொடுத்து, விழுங்கியதைப் பார்க்கும் வேலை பெரும்பாலும் மனைவிக்கு. “அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்” என்று மருந்து விற்பவர்களோ, குழம்பில் கலக்கும் ஆபத்தையும் அவள் தலையிலேயே கட்டுகிறார்கள். சிப்காட்டில் ஷிப்டு முடித்து வருபவளுக்கு வீட்டில் இன்னொரு ஷிப்டு: வார்டன் வேலை. அவன் மறுபடி குடித்தால், “நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்ற பழியும் அவளுக்கே.

பெண்ணே குடித்தால் கதை வேறு. அவளுக்குக் காவல் நிற்க ஊரே வரும். சிகிச்சைக்கு அழைத்துப்போகத்தான் ஆள் இருக்காது.

2003 முதல் டாஸ்மாக் வழியாகச் சில்லறை மது விற்பனையை நடத்துவது அரசு. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைத்தது. மிச்சமிருக்கும் 37 பேருக்கு வீடுதான் வார்டு. அங்கே இரவும் பகலும் சம்பளமின்றிக் காவல் நிற்பவள் பெண். மறுவாழ்வு மையங்களின் வரலாற்றை எழுதும்போது, அவளுடைய வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.