அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள்

கண்ணாடிப் பட்டறைகளில் செயல்விளக்கம் காட்டும்போது, உருகிய கண்ணாடியை இரும்புக் குழலின் முனையில் சுற்றியெடுத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார்கள். குமிழி பெருகிக் குடுவையாவதைப் பார்க்கும் மாணவர்கள், பண்டைக் காலத்தில் நம் பகுதியிலும் இப்படித்தான் செய்தார்களா என்று கேட்பதுண்டு. பூரணாங்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டின் மணித்தொழில் வேறு வகையானது. அங்கே கண்ணாடியை ஊதவில்லை, இழுத்தார்கள்.

ஊதும் முறை கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலத்தீனப் பகுதியில் தோன்றியது. அரிக்கமேட்டின் புகழோ கடுகுபோன்ற சிறு மணிகளால் வந்தது.

1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு ரோமானிய வணிகத்தையே பெரிதாகப் பேசியது. உள்ளூர்க் கைவினைக்கு அதில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இங்கே கிடைத்த மணிகளோடு, உடைந்த குழல்கள், துளை அடைத்துப்போனவை போன்ற கழிவுகளையும் ஆராய்ந்தார். தொழில்முறையைக் காட்டிக்கொடுத்தவை இக்கழிவுகளே. மணி பொறுக்குவோர் இவற்றைத் தொடுவதில்லை. நல்ல மணியை எடுத்துச் செல்வதால் அது எந்த மண்ணடுக்கைச் சேர்ந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது.

இம்முறை ஆந்திர மாநிலம் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை கையாளப்பட்டது. 'லாடா' எனும் நீண்ட இரும்புக் குழலின் முனையில் கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவர். குழலுக்குள் கம்பியைச் செலுத்திக் கூம்பில் துளையிடுவர். உலையின் எதிர்ப்புறம் நிற்பவர் கொக்கியால் நுனியைப் பற்றி, மெல்லிய கண்ணாடிக் குழலாக இழுத்துக்கொண்டே இருப்பார். இழுக்க இழுக்கத் துளையும் கூடவே நீளும். ஆறியதும் குழலைச் சிறுதுண்டுகளாக வெட்டிச் சாம்பலோடு கலந்து சூடாக்கினால் விளிம்பு மழுங்கும். துளைக்குள் புகுந்த சாம்பல் அதை அடையாமல் காக்கும். பாப்பாநாயுடுபேட்டைக்காரர்களை அரிக்கமேட்டாரின் நேர் வாரிசுகள் என்பது மிகை. முறை ஒன்றாயிருப்பதே வியப்புதான்.

கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கும் இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர். எல்லாம் இங்கிருந்து போனவை அல்ல. இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஓக் இயோ ஆகிய இடங்களிலும் செய்யப்பட்டன.

இழுத்த மணியை உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகள் துளையின் திசையிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியிலோ குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்து செல்லும். அரிக்கமேட்டு மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன.