சவாசனம் வந்த வழி

யோகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவது தலைகீழாக நிற்கும் உருவமே. விழா மேடைகளிலும் உடலை வில்லென வளைக்கும் சிறுவனுக்கே கைதட்டல் கிடைக்கிறது. கால் மணி நேரம் மல்லாந்து கண்மூடிக் கிடப்பவனுக்கு எவர் கை தட்டுவர்? எனினும், குருதியழுத்த நோயாளர்க்கு மருத்துவர்கள் பயிற்றுவித்து அளந்து பார்த்தது அவ்வாறு கிடத்தலாகிய சவாசனத்தையே. அந்த வரலாற்றின் பெரும்பகுதி நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணில், நாம் நாளும் போய்வரும் இருப்புப்பாதையின் ஓரத்திலேயே நிகழ்ந்தது. அதனை நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

சவாசனம் புதியதன்று. 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, பிணம்போல் அசைவற்றுக் கிடக்கும் இந்நிலை களைப்பைப் போக்கி மனத்துக்கு அமைதி தரும் என்று கூறுகிறது. ஆயினும் அக்கலை நெடுங்காலம் துறவியர்க்கே உரியதாகக் கருதப்பட்டு வந்தது. மனைவி மக்களோடு வாழ்பவனுக்கு யோகம் எதற்கு என்பதே பொதுமக்கள் எண்ணமாக இருந்தது.

அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் இருவர். இருவரும் நருமதைக் கரையில் மால்சர் என்னும் ஊரில் வாழ்ந்த பரமஹம்ச மாதவதாசரின் மாணாக்கர். ஒருவர் 1883இல் பிறந்த ஜகந்நாத் கணேஷ் குணே. பின்னாளில் சுவாமி குவலயானந்தர் எனப் புகழ் பெற்றவர் இவரே. மற்றவர் 1897இல் பிறந்த மணிபாய் தேசாய், பின்னாளில் ஸ்ரீ யோகேந்திரர். குவலயானந்தர் பரோடாவில் மாணிக்கராவ் என்னும் ஆசானிடம் உடற்பயிற்சியும் தற்காப்புக் கலையும் பயின்றவர். யோகேந்திரரோ இளமையில் மற்போரில் நாட்டம் மிக்கவர். வலிமையைத் தேடிப் புறப்பட்ட இருவரும் மென்மையைக் கற்றுத் திரும்பினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

யோகேந்திரர் துறவு பூணவில்லை. 1918ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பம்பாய் வெர்சோவாக் கடற்கரையில், தாதாபாய் நௌரோஜிக்கு உரியதாயிருந்த இல்லத்தில், யோக நிலையத்தைத் தொடங்கினார். அது பின்னர் சாந்தாகுரூசில் நிலைபெற்றது. இல்லறத்தாரும் நோயுற்றோரும் செய்யத்தக்கவாறு ஆசனங்களை எளிமைப்படுத்தியது அவர் தொண்டு. அவர்தம் துணைவியார் சீதாதேவி மகளிர்க்கெனத் தனியே எழுதிய யோக நூல் 1934இல் வெளிவந்தது.

குவலயானந்தர் வேறு வழியில் சென்றார். முன்னோர் சொன்னதை அளந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரோடா மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவிகொண்டு யோகப் பயிற்சியின்போது உடலினுள் நிகழ்வதை ஆராய்ந்தார். 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். ‘யோக மீமாம்சா’ என்னும் ஆய்விதழும் அவ்வாண்டிலேயே தோன்றியது. கர்ஜத்தில் ‘பேங்கர்’ எஞ்சின்கள் பின்னிருந்து தள்ள, போர்க்கணவாயில் மூச்சிரைக்க ஏறும் வண்டி இளைப்பாறும் இடம் அன்றோ லோனாவாலா! மனிதன் இளைப்பாறும் கலையை ஆராய்வதற்கும் அவ்வூரே வாய்த்தது.

1927இல் குருதியழுத்தம் மிகுந்து உடல்நலம் குன்றிய காந்தியடிகள் குவலயானந்தரோடு கடிதத் தொடர்பு கொண்டு அவர் கூறிய பயிற்சிகளை மேற்கொண்டார். 1963இல் குவலயானந்தரும் டாக்டர் வினேகரும் இணைந்து எழுதிய யோக சிகிச்சை நூலை மைய அரசின் சுகாதாரக் கல்வித்துறை வெளியிட்டது. 1966இல் சுவாமிகள் மறைந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1969இல், பம்பாய் இதய மருத்துவர் கே. கே. தாத்தேயும் வினேகர் உள்ளிட்ட துணைவரும் தம் ஆய்வு முடிவை வெளியிட்டனர். குருதியழுத்தமுற்ற 47 பேர்க்குச் சவாசனம் பயிற்றப்பட்டது. மெல்ல மூச்சுவிட்டு, உள்ளே புகும் காற்றின் குளிர்ச்சியையும் வெளியேறும் காற்றின் வெம்மையையும் நாசி நுனியில் உணர்ந்திருத்தலே பயிற்சி. பலர்க்கு அழுத்தம் குறைந்தது. மருந்துண்போர் சிலர்க்கு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. இன்றைய அளவுகோலின்படி இது சிறிய ஆய்வே. எனினும் ஓய்வு ஒரு மருந்துத் துணை என்பதைக் கருவி வைத்து அளந்து காட்டிய பெருமை அதற்குண்டு.

நம் தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மைசூர் அரண்மனையில் யோகம் பயிற்றிய திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1952இல் சென்னையில் குடியேறினார். மைசூரில் சிறுவர்க்குக் கடும் ஆசனங்களைக் கற்பித்த அவரே, சென்னையில் முதியோர்க்கும் பிணியாளர்க்கும் மூச்சோடு இயைந்த மெல்லிய அசைவுகளை வகுத்தார். ஆளுக்காகப் பயிற்சியே அன்றிப் பயிற்சிக்காக ஆள் அல்லன் என்பது அவர் நெறி. அவர்தம் மைந்தர் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரால் நிறுவிய மந்திரம் அந்நெறியைப் போற்றி வளர்த்தது.

இவற்றை ஏன் எழுதுகின்றோம்? நம் அலுவலகத் தோழர் ஒருவர், ஓய்வு பெற 2 ஆண்டுகளே இருக்கையில், ஒரு நாள் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். பிழைத்தார், வலக்கை மட்டும் மீளவில்லை. கோப்புகளில் முத்துப்போல் எழுதிய கை அது. அவர் ஒருமுறையேனும் குருதியழுத்தம் பார்த்தவரல்லர். “ஓய்வு என்பது ஓய்வூதியத்தோடு வருவது” என்று நகைப்பார். நாமும் உடன் நகைத்தோம். இன்று அந்நகைப்பு நெஞ்சை உறுத்துகிறது.

நம் இல்லங்களில் மகளிர் நிலை இதனினும் கடிது. விடியுமுன் அடுப்பங்கரை புகுந்தவர், இரவில் கடைசிப் பாத்திரம் கவிழ்த்த பின்னரே படுக்கின்றனர். பகலில் பத்து நிமிடம் சாய்ந்தால் “உடம்புக்கு என்ன?” என்று கேட்கின்றோம். நோயுற்றால்தான் படுக்கலாம் என்னும் எழுதாச் சட்டத்தை இயற்றியவர் நாமே. களைத்த உள்ளம் தன் குறையைச் சுடுசொல்லாகவே வெளியிடும். அமைந்த உள்ளமே தான் வேண்டுவதைத் தெளிவாகக் கூறவல்லது.

இதற்குப் பொருட்செலவில்லை. ஒரு பாய் போதும். மல்லாந்து படுத்து, கைகளை உடலினின்று சற்று விலக்கி உள்ளங்கை மேல்நோக்க வைத்து, பாதம் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளரவிட்டு, மூச்சைக் கவனித்திருத்தல் வேண்டும். குருதியழுத்தம், இதயநோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக; மருந்தைத் தாமே நிறுத்தற்க. நல்லாசிரியர் ஒருவரிடம் கற்றல் சாலச் சிறந்தது.

பேங்கர் எஞ்சின்கள் கழற்றப்படும் வரை லோனாவாலாவில் வண்டி நிற்கிறது. அந்நிறுத்தத்தை எவரும் காலவிரயம் என்பதில்லை. காலஅட்டவணையிலேயே அதற்கு இடமுண்டு. நம் வீட்டுக் காலஅட்டவணையிலும் நாள்தோறும் கால்மணி நேரத்தை அவ்வாறே ஒதுக்குவோம்; முதலில் நம் இல்லத்து மகளிர்க்கு, பின்னர் நமக்கு.