எச்சரிக்கை யாருக்கு?

இந்தியாவில் கணினிப் பாதுகாப்பை மக்களுக்குச் சொல்லும் வேலை பொறியாளர்களிடம்தான் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் செர்ட்-இன் 2004 ஜனவரியில் இயங்க ஆரம்பித்தது. 2005இல் வந்த அரசின் தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் பெயரிலேயே விழிப்புணர்வைச் சுமந்தாலும், அதன் கனமெல்லாம் கல்லூரிப் பாடங்களிலும் வல்லுநர்ப் பயிற்சியிலும் இருந்தது. அன்றைக்கு அது போதும். கணினி அலுவலகத்திலும் பிரவுசிங் சென்டரிலும் இருந்தது. வைரஸ் புகுந்தால் ஃபார்மேட் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். 2016இல் யுபிஐயும், அந்த நவம்பர் 8இல் பணமதிப்பிழப்பும் வந்து, காசைக் கைபேசிக்குள் கொண்டுபோய் வைத்தன. அடுத்த பிப்ரவரியில் அரசு திறந்த சைபர் ஸ்வச்தா கேந்திரா, கைபேசியையும் கணினியையும் சுத்தம் செய்ய இலவச மென்பொருள்களைக் கொடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் திருடர்கள் அதற்குள் இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதரிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அவர்கள் பேச வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இணையத்தில் கார்டு வழியே பணம் கட்டக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. முதலில் தனிக் கடவுச்சொல், பிறகு ஓடிபி. கார்டு எண்ணை மட்டும் திருடியவனுக்கு அதோடு வழி அடைபட்டது. ஆகவேதான் அவன் ‘பேங்க் மேனேஜர் பேசறேன், ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சு’ என்று கொச்சைத் தமிழில் அழைக்க வேண்டியிருந்தது. அந்த அழைப்பைத் தமிழ்நாடே கேலி செய்தது. ஏமாந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கை, விதி விட்டுவைத்த கடைசி ஓட்டையை அடைக்க வந்தது. விதி முன்னே போக, அறிவுரை பின்னே வந்த இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் வாதம். பின்னால் விதியோ உதவியோ இல்லாத எச்சரிக்கை, இழந்தவர் தலையிலேயே குற்றத்தையும் ஏற்றிவிடும்.

வாடிக்கையாளர் மீது தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் புகாரும் கொடுத்துவிட்டால், இழப்பு அவருடையதல்ல என்று 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. தவறு அவருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவர், புகார் கொடுக்கும் வரையிலான முழு இழப்பையும் சுமக்க வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. 2021 ஏப்ரலில் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 ஆன உதவி எண், போய்க்கொண்டிருக்கும் பணத்தை வழியில் நிறுத்த முயல்கிறது. இவை பலன் தருவது மக்களுக்குத் தெரிந்தால்தான். விளம்பரம் செய்ய வேண்டிய செய்தியும் இதுதான். மாறாக, 2024 கடைசியில் அழைப்புகளுக்கு முன்னால் ஒலிக்கத் தொடங்கிய எச்சரிக்கைக் குரலை, அவசரத்துக்கு போன் செய்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2025 ஜூனில் அது நின்றது.

பிரச்சாரம் பெருகிய அதே காலத்தில் இழப்பும் பெருகியதே என்று சிலர் கேட்கலாம். அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கில், 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாயாக இருந்த இழப்பு 2024இல் 22,845 கோடியைத் தாண்டியது. இதை வைத்துப் பிரச்சாரமே வீண் என்று தீர்ப்பு எழுத முடியாது. பரிவர்த்தனைகளும் கூடின, புகார் கொடுப்பதும் எளிதானது. இன்னொரு மறுப்பு வலுவானது: போலீஸ் போல வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியை எந்த விதி தடுக்கும்? அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் சொல்ல நேர்ந்தது. சொன்னது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போலீஸ் என்றதும் கேள்வி கேட்காமல் பணியும் பயத்தை மக்களிடம் யார் வளர்த்தார்கள்? மேலும், அந்தப் பணம் போய்ச் சேர்வது வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்குகளில். அவற்றைத் திறந்துவிட்டது வங்கி. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை எச்சரிப்பதைவிட அந்தக் கணக்குகளைக் கண்காணிப்பது எளிது.

வங்கி ஈடு கட்டினால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்பது பழைய பயம். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைப் பாதிப்பாதியாக ஏற்க வேண்டும். மிகுந்த அலட்சியம் காட்டியவர்களுக்கு அது கிடையாது. இந்தியாவிலும் பணம் பெற்ற வங்கியை இழப்பில் பங்கேற்க வைக்க வேண்டும். அடுத்த விழிப்புணர்வு விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டியது அதைத்தான்.