அடைப்பு எடுக்க யாரைக் கூப்பிடுவது? வீட்டுச் சாக்கடையின் சாதி வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய தத்துவம் ஒன்றைப் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. நான் இன்று வீட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, 'யாரைக் கூப்பிடுவது?' என்பதுதான். ஏன் அடைத்தது, எங்கே அடைத்தது என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன, பல வீடுகளில் வருவதே இல்லை. இந்த முதல் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

மொகஞ்சதாரோவின் வடிகால்களைப் பள்ளிப் பாடநூல்கள் புகழ்கின்றன. வீட்டுக் குளியல் மேடையிலிருந்து தெருவின் செங்கல் கால்வாய்க்கு நீர் போனது, மேலே மூடுகற்கள் இருந்தன, ஆங்காங்கே கசடு தங்குவதற்குத் தொட்டிகள் இருந்தன என்று படித்திருக்கிறோம். கசடு தங்கும் தொட்டி என்று ஒன்றைக் கட்டினால் அதை அள்ளுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கட்டியவரின் திறமையைப் பற்றி எழுதிய நூல்கள் அள்ளியவரைப் பற்றிப் பேசுவதில்லை. நகர வரலாறு எழுதுவதில் இந்த மௌனம் இன்றுவரை தொடர்கிறது.

தமிழில் வீட்டுக் கழிவுநீர் ஓடும் இடத்துக்குப் பழைய பெயர் அங்கணம். திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் கடைசிக் குறள் இச்சொல்லை ஆள்கிறது. தம் கணத்தைச் சேராதவர்கள் முன்னே பேசுவது அங்கணத்தில் அமிழ்தைக் கொட்டியது போலாகும் என்பது அதன் கருத்து. 'கணம்' என்பதற்கு அறிவால் ஒத்தவர் என்று உரையாசிரியர்கள் பொருள் சொல்வார்கள். அது இருக்கட்டும். வீட்டின் நீர் வெளியேறும் வழி, தன்னவர் அல்லாதவரைக் குறிக்கும் உவமையாக அப்போதே ஆகிவிட்டது என்பதை மட்டும் கவனித்துக்கொள்வோம்.

முற்றம் வைத்த பழைய வீடுகளில் இரண்டு நீர்வழிகள் இருந்தன. அடுக்களையிலும் கிணற்றடியிலும் புழங்கிய நீர் ஜலதாரை வழியாகக் கொல்லைக்குப் போய் வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. அதில் சோற்றுப் பருக்கையும் சாம்பலும் முடியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கால்வாய் திறந்தே இருந்ததால் அடைப்பு கண்ணுக்குத் தெரியும். வீட்டுப் பெண்கள் தென்னந்துடைப்பத்தின் அடியால் குத்தி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுவார்கள். அது பெண்கள் தலையில் கட்டப்பட்ட வேலைதான், ஆனாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்த வேலை. அதைச் செய்ததற்காக யாரும் தீண்டத்தகாதவர் ஆகவில்லை.

இரண்டாவது வழி மலத்துக்கானது. கிராமத்தில் அது காட்டுக்கும் கரைக்கும் போனது. நகரத்தில் கொல்லைக் கோடியில் எடுப்புக் கக்கூஸ் வந்தது. அதன் பின்சுவரில் கீழே ஒரு சின்னத் திறப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான சந்து. ஆவணங்களில் கன்சர்வன்சி லேன். ஜனங்கள் வாயில் தோட்டி சந்து. வேலைக்கு வந்தவர் அந்த வீட்டு வாசலைக் கண்டதில்லை, வீட்டுக்காரரும் அவர் முகத்தைக் கண்டதில்லை. வீட்டின் வரைபடத்திலேயே தீண்டாமையைச் செங்கலால் கட்டி வைத்திருந்தார்கள்.

'தோட்டி' என்பது முதலில் கிராம ஊழியர் ஒருவரின் பதவிப் பெயர். வெட்டியான், தலையாரி போல அதுவும் ஒன்று. காலனிய நகராட்சிகள் சுகாதாரத் துறையை உருவாக்கியபோது அந்தப் பெயரை மலம் அள்ளும் வேலைக்கு ஒட்டினார்கள். தமிழகத்தில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் அருந்ததியர்களும் ஆதி ஆந்திரர்களும் எடுக்கப்பட்டார்கள். 1947இல் வெளிவந்த தகழியின் மலையாள நாவல் 'தோட்டியின் மகன்' ஆலப்புழையில் நடக்கிறது. ஆனால் அதன் நாயகர்களின் பெயர்கள் இசக்கிமுத்து, சுடலைமுத்து. தெற்கத்திப் பெயர்கள். சுந்தர ராமசாமி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். நம்முடைய கதை மலையாளம் போய்த் தமிழுக்குத் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நவீன நகராட்சி சாதியை ஒழிக்கவில்லை. சிதறிக் கிடந்த ஊழியத்தைத் திரட்டி, சம்பளப் பதிவேட்டில் ஏற்றி, பிறப்பை ஒரு நியமனத் தகுதியாக்கியது.

1957இல் மத்திய அரசு அமைத்த மல்கானி குழுவின் அறிக்கை 1960இல் வந்தது. பல ஊர்களில் இன்ன வீடுகள் இன்னாருக்கு என்று வழக்க உரிமையாகவே கக்கூஸ்கள் பங்கிடப்பட்டிருந்த சிக்கலை ஆராய அடுத்த பத்தாண்டில் இன்னொரு குழுவே போட வேண்டியிருந்தது. அடிமைத்தனம் உரிமை என்ற பெயரில் கைமாறிய விந்தை அது.

இதற்கெல்லாம் தீர்வாகக் குழாய் வரும் என்றார்கள். தண்ணீர் ஊற்றினால் மலம் போய்விடும், மனிதன் தொட வேண்டியதில்லை. 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர், எஸ் வடிவில் வளைந்த குழாய் உள்ள கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் நிற்கும் கொஞ்சம் தண்ணீர், சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. எளிய, அருமையான தொழில்நுட்பம். அதற்குச் சாதி கிடையாது. ஆனால் அது வந்து இறங்கிய வீட்டுக்குச் சாதி இருந்தது.

இங்கே நடந்த ஒரு மாற்றத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. பழைய வீட்டில் பிரிந்திருந்த இரண்டு வழிகளும் புதிய வீட்டில் ஒன்றாகிவிட்டன. சமையலறை நீர் ஒரு குழாயிலும் கக்கூஸ் நீர் இன்னொரு குழாயிலும் இறங்கினாலும், தரைக்கு வந்ததும் இரண்டும் ஒரே சேம்பரில் சேர்கின்றன. அடுக்ககங்களில் சில இடங்களில் மேலிருந்து கீழ் வரை ஒரே குழாய்தான். இரண்டு நீரும் கலந்த பிறகு, அடைப்பு எதுவானாலும் அது 'அந்த வேலை' ஆகிவிட்டது. சட்டியில் மிச்சமான எண்ணெய் உறைந்து அடைத்தாலும் அதை எடுக்கக் கூப்பிடுவது மலம் அள்ளியவரின் பேரனைத்தான். குழாய் வந்ததால் நம் வேலை குறையும் என்றார்கள். முன்பு வீட்டுப் பெண்கள் செய்த அடுக்களை வேலையும் சேர்ந்து நம் பங்குக்கு வந்தது.

பிளம்பர் என்ற தொழிலைப் பாருங்கள். புதுக் குழாய் பொருத்துவது பிளம்பர் வேலை. அதற்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வருகிறார்கள், பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, கூலியைப் பேரம் பேசலாம். அதே குழாய் ஒரு மாதம் கழித்து அடைத்துக்கொண்டால், "அதுக்கு வேற ஆள் இருக்காங்க சார், அனுப்பி விடறேன்" என்பார். குழாய் ஒன்றுதான், விட்டமும் சரிவும் அதேதான். அதில் மனிதக் கழிவு ஓடிய நொடியிலிருந்து அது திறமைக்குரிய பொருளாக இல்லாமல் போகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அண்ணல் 1936இல் எழுதியதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த 'வேற ஆள்' மூங்கில் பிளாச்சோடு வருவார். சேம்பர் மூடியைத் திறந்து குத்துவார். நகராத அடைப்பென்றால் இறங்குவார். செப்டிக் டேங்கில் காற்றில்லாமல் கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். தூக்கிவிட இறங்கும் தம்பியும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படம் இந்த மரணங்களைத் தமிழகத்தின் முன்னே போட்டது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் மரணக் கணக்குகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. சமூகநீதி மண் என்று சொல்லிக்கொள்கிற நாம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

2013 சட்டத்தின் 7ஆவது பிரிவு எந்த நபரும், உள்ளாட்சியும், முகமையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை ஆபத்தான முறையில் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எந்த நபரும்' என்பதில் வீட்டு உரிமையாளர் இருக்கிறார், அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் இருக்கிறார். அரசை நோக்கியே கைநீட்டிப் பழகிய நாம், தொலைபேசியில் ஆளைக் கூப்பிடும் அந்த வீட்டை நோக்கி இன்னும் நீட்டவில்லை.

அந்த வீடுகளில் நம் வீடுகளும் அடக்கம். படித்து, வேலைக்குப் போய், கடன் வாங்கிக் கட்டிய நம் தோழர்களின் வீடுகளிலும் செப்டிக் டேங்க் மூடிமேல் டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. டேங்க்கை 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டு விட்டுவைத்தால் அடியில் கசடு இறுகிப்போகும். லாரிக் குழாய்க்கு நீர் வரும், கசடு வராது. அப்போதுதான் 'உள்ளே இறங்கி வாரிவிடு, கூட 500 தருகிறேன்' என்ற பேச்சு வருகிறது. அந்த 500 ரூபாயை நீட்டுகிற கை எந்தச் சாதியாக இருந்தாலும் அது சாதியின் கைதான்.

எனவே வீடு கட்டும்போதே அரசியல் தொடங்கட்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் திறந்து பார்க்கும்படி டோர் பெண்ட், டோர் டீ போடுங்கள். விலை வித்தியாசம் சொற்பம், கொத்தனார் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். சேம்பர் மூடியையும் டேங்க் மூடியையும் புதைக்காதீர்கள். எண்ணெயையும் நாப்கினையும் குழாயில் போடாதீர்கள். சின்ன அடைப்பை ரப்பர் பம்பும் ஸ்பிரிங் கம்பியும் வாங்கி வைத்து நீங்களே எடுங்கள். ஆண்களும் எடுங்கள். பெரிய அடைப்புக்கு இயந்திரம் மட்டுமே, ஆள் இறங்கக் கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, இயந்திரத்தை இயக்கும் தொழிலாளிக்குப் பிளம்பருக்குரிய கூலியும் மரியாதையும் கொடுங்கள். கேரளத்தில் 2018 முதல் ஆள்நுழைவுக் குழிக்கு ரோபோ இறங்குகிறது. சென்னை ஐஐடி செப்டிக் டேங்குக்கு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கருவி இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

இந்த மன்றத்துக்கு ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். நம் ஊர்த் தோட்டி சந்துகள் பல இன்று வேறு பெயரில் இருக்கின்றன, பல ஆக்கிரமிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் நடந்து வேலை செய்த தாத்தா பாட்டிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தச் சந்து, எத்தனை வீடு, என்ன கூலி, யார் எங்கே இறந்தார் என்று அவர்கள் வாயிலிருந்து பதிவு செய்வோம். அடுத்த ஆண்டு இதே நாளில் அதை நூலாக வெளியிடுவோம். ஜெய்பீம்.