சுத்தியலும் அரிவாளும்: மறைந்துபோன ஓர் அரசின் இலச்சினையும் நம் நாட்டுத் தொழிலாளரும்

ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசரின் பிறப்பிடமாக நம் நாட்டுச் சமய வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். அவர் வழிநிற்கும் வைணவ அடியார்கள் தோள்களில் சங்கும் சக்கரமும் பொறித்துக்கொள்ளும் மரபினை நாம் அறிவோம். தாம் யாருக்கு உரியவர் என்பதை உடலிலேயே எழுதிக்கொள்ளும் வழக்கம் அது. இன்று அவ்வூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லுகிறவர் வேறுவகை இலச்சினைகளைக் காண்கிறார். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் எழுந்த இவ்வாலைகளின் வாயில்தோறும் ஒரு முத்திரை உயர்ந்து நிற்கிறது. அம்முத்திரையே பணியாளரின் சட்டையிலும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலும் காணப்படுகிறது.

2024 செப்டம்பர் மாதத்தில் இப்பகுதியைச் சேர்ந்த சுங்குவார்சத்திரத்தில் செங்கொடிகள் எழுந்தன. அக்கொடியோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட சுத்தியலும் அரிவாளும் முதலில் ஓர் அரசின் இலச்சினையில் இடம்பெற்றவை. அவ்வரசு 1991 டிசம்பரில் உலகப் படத்திலிருந்து மறைந்தது. அரசு மறைந்தபின்னும் அதன் சின்னம் நம் தமிழகத்து நெடுஞ்சாலையோரத்தில் உயிரோடிருப்பது எதனால் என்பதையும், அச்சின்னம் எதனைச் சொல்லியது, எதனைச் சொல்லாது மறைத்தது என்பதையும் இங்கே ஆராய முற்படுகிறோம்.

ருஷ்யப் புரட்சிக்குப்பின் பழைய பேரரசின் இரட்டைத்தலைக் கழுகு நீக்கப்பட்டது. அதனிடத்தில் வைப்பதற்குப் புதிய உருவம் ஒன்று தேவையாயிற்று. 1918-ஆம் ஆண்டு மே தினத்துக்காக மாஸ்கோவின் ஒரு பகுதியை அலங்கரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த கம்சோல்கின் என்னும் ஓவியர் சுத்தியலையும் அரிவாளையும் குறுக்காக வைத்து வரைந்தார் என்பர். சுத்தியல் ஆலைத் தொழிலாளியைக் குறித்தது. அரிவாள் உழவனைக் குறித்தது. மக்களில் மிகப் பெரும்பாலோர் உழவராயிருந்த நாட்டில், நகரத் தொழிலாளரின் பெயரால் ஆட்சியைக் கைப்பற்றிய ஒரு கட்சிக்கு இவ்விரு கருவிகளும் பிணைந்து நிற்கும் உருவம் எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பதை நாம் எளிதில் உணரலாம். உண்மையில் கைகூடாதிருந்த ஓர் ஒற்றுமையைச் சித்திரம் முன்கூட்டியே அறிவித்தது.

அரசு முத்திரைக்கென முதலில் தரப்பட்ட வரைவில் இவ்விரண்டுடன் வாளொன்றும் இருந்தது. லெனின் அதனைக் கண்டு, வாள் வேண்டாமென நீக்கச் செய்தார் என அவருடைய செயலாளராயிருந்த போன்ச்-ப்ருயேவிச் எழுதி வைத்துள்ளார். அவ்வாறே 1918 ஜூலையில் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம், செந்நிறப் பின்னணியில் கதிரவனின் ஒளி, பிடிகள் கீழ்நோக்கியிருக்கக் குறுக்காக வைக்கப்பட்ட பொன்னிற அரிவாளும் சுத்தியலும், சுற்றிலும் தானியக் கதிர்மாலை என இலச்சினையை விவரித்தது. வாள் அதில் இல்லை. ஆயினும் அதே ஆண்டிலேதான் செஞ்சேனை உருவாயிற்று. உள்நாட்டுப் போர் மூண்டது. இலச்சினையிலிருந்து எடுக்கப்பட்ட வாள் அரசின் கையிலிருந்து எடுக்கப்படவில்லை.

இவ்விடத்தில் திருமறை மாணவர் ஏசாயா 2:4-ஐ நினையாதிருக்க இயலாது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு அவ்வசனத்தில் ஈட்டிகள் மாறுவதற்குரிய கருவியை அரிவாள் என்றே வழங்குகிறது. எபிரெயச் சொல் திராட்சைக்கொடியைக் கழிக்கும் சிறு கத்தியைக் குறிப்பது. நம் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தமிழ் உழவனின் கையிலுள்ள கருவியாக்கினர். யோவேல் 3:10 இதற்கு நேர்மாறாக அரிவாள்களை ஈட்டிகளாக்கச் சொல்லுகிறது என்பதும் கருதத்தக்கது. கதிரறுக்கும் கருக்கரிவாளுக்கும் ஆளை வெட்டும் வீச்சரிவாளுக்கும் ஒரே பெயரை வழங்கும் நம் மக்களுக்கு இவ்விரு வசனங்களையும் விளக்க உரையாசிரியர் தேவையில்லை. தீர்க்கதரிசி காணும் காட்சியில் ஆயுதம் உலையிலிடப்பட்டு அடிக்கப்படுகிறது. மாஸ்கோவில் நடந்ததோ, அது சித்திரத்திலிருந்து அழிக்கப்பட்டதே.

1923-இல் சோவியத் ஒன்றியத்திற்கான இலச்சினை ஏற்கப்பட்டபோது சுத்தியலும் அரிவாளும் பூவுருண்டையின்மேல் வைக்கப்பட்டன. கதிர்மாலையைச் சுற்றிய செந்நிற நாடாக்களில், உலகத் தொழிலாளர் ஒன்றுபடுமாறு அழைக்கும் வாசகம் குடியரசுகளின் மொழிகளில் பொறிக்கப்பட்டது. முதலில் ஆறு மொழிகள். குடியரசுகள் பெருகப் பெருக நாடாக்களும் பெருகி 1946-இல் 16 ஆயின. 1956-இல் ஒன்று குறைந்து 15 ஆயிற்று. ஒவ்வொரு குடியரசுக்கும் தனி இலச்சினையும் இருந்தது. உஸ்பெக்கியர் பருத்தியை வைத்தனர். ஆர்மீனியர் அரராத் மலையை வைத்தனர். மதத்தைப் புறந்தள்ளிய ஓர் அரசமைப்பின் முத்திரையில் நோவாவின் பேழை தங்கிய மலை எழுபது ஆண்டுகள் நின்றது வியப்புக்குரியதே. அம்மலையோ துருக்கியின் எல்லைக்குள் இருந்தது. துருக்கி இதனை ஆட்சேபித்தபோது, உங்கள் கொடியிலுள்ள பிறைநிலவு உங்களுக்குச் சொந்தமோ என்று விடை வந்ததாக ஒரு கதை வழங்குகிறது. 1992-இல் ஆர்மீனியா சுத்தியலையும் அரிவாளையும் கைவிட்டது. அரராத்தைக் கைவிடவில்லை, பேழையையும் சேர்த்துக்கொண்டது.

இனி 1918-ஆம் ஆண்டிற்கு மீண்டும் வருவோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் சோவியத் அரசு திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் ஆணையை வெளியிட்டது. பிரிவினையை நாம் குறைகூற வேண்டியதில்லை. நம் சபைகளிலும் அதனை விரும்பினோர் பலர். ஆனால் அவ்வாணை அதனோடு நில்லாது, சமயச் சங்கங்களுக்குச் சொத்துரிமையும் இல்லை, சட்டத்தின்முன் ஓர் ஆளாக நிற்கும் தகுதியும் இல்லை என்று விதித்தது. கூடி வழிபடுவோர் இருந்தனர். அவர்களுடைய கூட்டத்திற்குச் சட்டத்தில் பெயர் இல்லாமற் போயிற்று.

அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையில், பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளரிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியாவும் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதில் முன்னின்றனர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமென அதனைக் கூறுவர். கம்சோல்கின் சுத்தியலை வரைந்துகொண்டிருந்த அதே வாரங்களில் பெரம்பூர்த் தொழிலாளர் கூட்டங்கூடிக்கொண்டிருந்தனர் என்பது தற்செயலே. ஆயினும் பொருள் நிறைந்த தற்செயல். ஆலை நிர்வாகம் வாடியா முதலியோர்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. தொழிற்சங்கம் என்பதற்கு அன்று நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு எதுவுமில்லை. தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவது ஒப்பந்தத்தைக் குலைக்கும் குற்றமாகக் கருதப்பட்டது. இவ்வழக்கினால் எழுந்த கிளர்ச்சி 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியது.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்க வேண்டுகிறோம். ஒருபுறம், உழைப்போரின் கருவிகளையே முடியாகச் சூடிய அரசு, தன்னைச் சாராத கூட்டத்திற்குச் சட்டப் பெயரை மறுத்தது. மறுபுறம், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய பிரிட்டிஷ் இலச்சினையின்கீழ் அமர்ந்த நீதிமன்றம் உழைப்போரின் சங்கத்திற்கு அதே பெயரை மறுத்தது. இலச்சினைகள் வேறு, மறுக்கப்பட்டது ஒன்றே.

சின்னம் தமிழ்நாட்டிற்கு வந்ததும் மாறுபட்டது. 1923 மே முதல் நாள் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அன்று அவர் தொடங்கிய கட்சியின் பெயர் லேபர் கிஸான் கட்சி. ‘லேபர்’ தொழிலாளி; ‘கிஸான்’ உழவன். சுத்தியலையும் அரிவாளையும் சொற்களாக்கினால் கிடைப்பது இப்பெயரே. விடுதலைக்குப்பின் முதற் பொதுத் தேர்தலில், எழுத்தறியாத மக்கள் வாக்களிக்கும்பொருட்டுக் கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கப்பட்டபோது, பொதுவுடைமைக் கட்சி கதிர் அரிவாளைப் பெற்றது, சுத்தியல் விடுபட்டது. 1964-இல் கட்சி பிளவுற்றபின் மார்க்சிஸ்ட் கட்சி சுத்தியல், அரிவாள், நட்சத்திரத்தைப் பெற்றது. மாஸ்கோவில் அரசின் முத்திரையாயிருந்தது இங்கே வாக்குச் சீட்டில் ஓர் ஏழையின் விரல் தேடும் அடையாளமாயிற்று.

அது கொடியாக நின்ற இடங்களில் விலையும் கேட்டது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நம் ஆலயங்களில் பாலன் பிறப்பின் ஆராதனை நடந்தேறிய நாளில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாகத் தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் ஒரு குடிசையில் எரிக்கப்பட்டனர். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டது ஒரு காரணம். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கக் கொடியை ஏற்றுமாறு நிலவுடைமையாளர் வற்புறுத்தியும் அவர்கள் இணங்காதது மற்றொரு காரணம். கையில் மெய்யாகவே அரிவாள் பிடித்துக் கதிரறுத்தவர்கள் அவர்கள். 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை விடுவித்தது. நம் சபைகளில் பெரும்பாலானவை இம்மக்களின் சேரிகளிலிருந்தே எழுந்தவையாயிருந்தும், கிறிஸ்து பிறப்பு நாளின் மன்றாட்டுகளில் இந்நாற்பத்து நால்வருக்கு இடமளித்த சபைகள் மிகச் சிலவே என்பது எம் கருத்து.

சோவியத் நாட்டிலேயே அக்கொடியை ஏந்தியோர் பெற்ற விடையையும் கூறாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. 1962 ஜூன் மாதத்தில் நோவோசெர்காஸ்க் நகரின் ரயில் எந்திர ஆலைத் தொழிலாளர், இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றின் விலை உயர்ந்ததோடு தங்கள் ஊதியமும் குறைந்ததனால் வேலைநிறுத்தம் செய்தனர். செங்கொடிகளையும் லெனின் படங்களையும் ஏந்தியே ஊர்வலம் சென்றனர். சுத்தியல் பொறித்த அரசு அவர்கள்மீது சுட்டது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தி பல்லாண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது.

கிழக்கு ஜெர்மனியின் வரலாறு நம் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. அதன் இலச்சினையில் அரிவாள் இல்லை. தொழிலாளிக்குச் சுத்தியல், அறிவுத்துறையினருக்குக் கவராயம், உழவருக்கு ரை தானியக் கதிர்மாலை என அமைந்திருந்தது. 1959-இல் சோவியத் ஒன்றியம் ஐக்கிய நாடுகள் அவைக்கு ஒரு சிலையை அன்பளித்தது. சிற்பி வுச்செட்டிச் வடித்த அச்சிலையில் ஒரு மனிதன் சுத்தியலால் வாளை அடித்துக் கலப்பைக் கொழுவாக்குகிறான். லெனின் நீக்கிய வாளும் அவர் வைத்திருந்த சுத்தியலும் இங்கே தீர்க்கதரிசியின் பொருளில் மீண்டும் சந்தித்தன எனலாம். 1980-இல் கிழக்கு ஜெர்மனியின் சீர்திருத்தச் சபையினர் சமாதான ஜெபநாட்களுக்கென இச்சிலையின் உருவத்தையே அடையாளமாக்கி, மீகா 4-ஆம் அதிகாரத்தையும் குறித்தனர். திரெஸ்டன் நகரின் இளைஞர் போதகர் பிரெட்ஷ்நைடர் இதற்கு முன்னின்றார். தாளில் அச்சிட அரசு அனுமதி வேண்டும். துணியில் அச்சிட வேண்டுவதில்லை. எனவே துணியில் அச்சாயிற்று. ஆயிரக்கணக்கான இளைஞர் அதனைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டனர். நட்பு வல்லரசின் அன்பளிப்பையே அரசு தடைசெய்ய நேர்ந்தது. பள்ளிகளிலும் தெருக்களிலும் துணி பிய்க்கப்பட்டது. சிலர் பிய்க்கப்பட்ட இடத்தின் ஓட்டையைத் தைக்காமல் அப்படியே அணிந்து திரிந்தனர். 1990-இல் அவ்வரசின் சுத்தியலும் கவராயமும் பொதுக் கட்டடங்களிலிருந்து இறக்கப்பட்டன.

இவற்றையெல்லாம் கண்டபின் சுங்குவார்சத்திரத்திற்குத் திரும்புவோம். அங்குள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 37 நாட்கள் நடந்து அக்டோபர் 15-இல் அது முடிவுற்றது. ஊதியமும் வேலைநேரமும் பேசப்பட்டன. எனினும் பிணக்கின் மையம், சி.ஐ.டி.யு.வுடன் இணைந்த அவர்களுடைய சங்கத்தின் பதிவும் அங்கீகாரமுமே. சங்கத்தின் பெயர் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம். நிறுவனத்தின் பெயர் அதன் வணிகச் சொத்து, அதனைச் சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாகாது என்று நிர்வாகத் தரப்பு ஆட்சேபித்தது. தொழிலாளர் தரப்போ, தாங்கள் வேலை செய்யும் இடத்தின் பெயரைச் சொல்லாமல் தாங்கள் யாரென்று எவ்வாறு சொல்வது என்று கேட்டது. சட்டையிலும் அடையாள அட்டையிலும் நாள்தோறும் அணியும் பெயர், சங்கப் பதிவேட்டில் எழுதும்போது பிறருடையதாயிற்று.

இவ்வாலைகளில் அரிவாளுக்கு இடமில்லை. அரிவாள் பிடித்த வயல்கள் மதிற்சுவருக்குள் சென்றுவிட்டன. சுத்தியலின் வேலையைப் பெரும்பாலும் எந்திரக் கரங்கள் செய்கின்றன. ஆகவே 1918-இன் கருவிகள் இங்குள்ள இளைஞரின் உழைப்பைச் சித்திரிக்கின்றன என்று யாரும் சொல்லார். கம்சோல்கினின் ஓவியத்தைக் காட்டிலும் பெரம்பூர்த் தொழிலாளரின் வழக்கே இவர்களுக்கு நெருங்கிய முன்வரலாறு என்று கருதுகிறோம். இவர்களுடைய விண்ணப்பம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே அளிக்கப்பட்டது. பதிவு தாமதமாகவே விவகாரம் சென்ற இடமும் அதே சென்னை உயர்நீதிமன்றம். 2025 ஜனவரி 27-ஆம் நாள் சங்கம் அதே பெயரில் பதிவு பெற்றது. அடுத்த மாதமே சங்கப் பொறுப்பாளர் சிலர் இடைநீக்கம் செய்யப்பட, தொழிலாளர் ஆலைக்குள் உள்ளிருப்புப் போராட்டத்தில் அமர்ந்தனர்.